மக்கு என்று சொல்லக் கூடாத வீடு

நாயை மக்கு என்று சொன்னவருக்கு அந்த அக்கா வீட்டில் காபி கிடையாது. கோபப்பட மாட்டார். "அப்படீங்களா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போவார். டம்ளர் மட்டும் வராது. வந்தவர் நூல் விலை, மழை, கரண்ட் கட் என்று என்னென்னவோ பேசிப் பார்த்துவிட்டுத் தொண்டை காய்ந்து எழுந்து போவார். ஏன் வரவில்லை என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது. எனக்குத் தெரியும். ஒரு மாதம் போலக் காபி இல்லாமல் கிடந்தவன் நான்.

தாராபுரம் ரோட்டில், அவிநாசிபாளையம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் பிரியும் ஒரு சந்தில் என் தையல் யூனிட். பெரிய கம்பெனிகள் கொடுக்கிற துணியை வெட்டி டி-சர்ட்டாகத் தைத்துக் கொடுப்பது என் பிழைப்பு. மதில் சுவருக்கு அந்தப் பக்கம் அக்காவின் நிட்டிங் கம்பெனி. நூல் உள்ளே போகும், துணி ரோலாக வெளியே வரும். ஒரே காம்பவுண்டில் முன்னால் வீடு, பின்னால் மெஷின் ஷெட், இரண்டுக்கும் நடுவில் நாய்கள்.

அவற்றில் எதையும் அக்கா வாங்கவில்லை. எங்கள் ஊரில் நல்ல ஆர்டர் வந்தால் முதலில் கார் மாறும், அடுத்து நாய் வரும். ஆர்டர் கைவிட்டுப் போனால் கார் கடைசியாகத்தான் போகும், நாய் முதலில் போய்விடும். அப்படிப் போனவை அக்காவிடம் வந்து சேர்ந்தன. "சொன்ன பேச்சே கேக்க மாட்டீங்குதுங்க", "சோபாவத் தின்னுபோட்டுதுங்க" என்று காரணம் சொல்லி இறக்கிவிடுவார்கள். முடிவில் எப்படியும் அந்த வார்த்தை வந்துவிடும். காபி குடிக்காமல் போவார்கள்.

"அறிவில்லாத நாயே கெடையாதுங்க தம்பி. அது எங்க வெச்சிருக்குதுன்னு நாமதான் தேடோணும். ஒண்ணு மூக்குல வெச்சிருக்கும். ஒண்ணு கண்ணுல வெச்சிருக்கும். ஒண்ணு காலுல வெச்சிருக்கும். நாம மண்டையவே பாத்துட்டிருந்தா எப்படித் தெரியும்?" என்பார்.

முதன்முதலில் நான் அங்கே போனது ஏணி கேட்க. கேட் தாண்டி நாலு எட்டு வைத்திருப்பேன், ஜெர்மன் ஷெப்பர்டு ஒன்று இடது பக்கம் வந்தது. வலது பக்கம் நகர்ந்தேன், வலது பக்கம் வந்தது. பின்னால் போனேன், பின்னால் வந்தது. அடுத்து எனக்கு நினைவிருப்பது, துணி ரோல் அடுக்கின் உச்சியில் நான் உட்கார்ந்திருந்தேன் என்பதுதான். ஏணி கேட்கப் போனவன் ஏணி இல்லாமலே ஏறியிருந்தேன்.

அக்கா நிதானமாக வந்தார். ஒல்லியான உருவம், மூக்கின் நுனியில் கண்ணாடி, புடவை முந்தானையில் எப்போதும் ஒட்டியிருக்கும் பஞ்சு.

"சித்த எறங்குங்க தம்பி. அவன் கடிக்க வரலீங்க. டீ டைம்ல ஆளுங்க அக்கட்ட இக்கட்ட நின்னா எல்லாத்தையும் ஒரே எடத்துல சேத்தி நிக்க வெச்சிருவான். ஆடு மேய்க்கற வம்சமுங்க."

"அப்ப நான் ஆடுங்களா அக்கா?"

"அவன் கண்ணுக்கு."

அப்போதுதான் நான் வாயை விட்டேன். "ஆளுக்கும் ஆட்டுக்கும் வித்தியாசம் தெரியாத மக்கு நாயா இருக்குதுங்க" என்றேன். ஏணி கிடைத்தது. காபிதான் ஒரு மாதம் கழித்துக் கிடைத்தது.

அந்த ஷெப்பர்டுக்கு அக்கா வைத்திருந்த பெயர் மேனேஜர். சட்டம் பார்ப்பான், கேட்டை விட்டு நகர மாட்டான், சொன்னதைச் செய்வான், சொல்லாததைச் செய்ய மாட்டான். ஒவ்வொரு நாய்க்கும் அறிவு எங்கே இருக்கிறதென்று கண்டுபிடித்த பிறகுதான் கம்பெனி டிபார்ட்மெண்ட் பார்த்து அக்கா பெயர் வைப்பார். தொங்கு காது பீகிள், செக்கிங். ஒரு தையல்காரப் பெண்ணின் பையில் நாலு சுற்று சுற்றி மடித்து வைத்திருந்த முறுக்கை வாசலில் நின்றபடியே மோப்பம் பிடித்தவன் அவன். ஆனால் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான். "மூக்கு வேல செய்யறப்ப காதுக்கு லீவுங்க" என்பார் அக்கா.

ஒட்டிய வயிறும் ஊசி முகமுமாக ஒரு சிப்பிப்பாறை இருந்தது. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்த என் டெய்லர் ஒருவர் ஊரிலிருந்து கொண்டுவந்து, வீட்டு ஓனர் ஒத்துக்கொள்ளாததால் அக்காவிடம் விட்டது. "இதுக்கு மோப்பங்கீப்பம்லாம் வராதுக்கா. ஆனா கண்ணுல ஒண்ணு பட்டுட்டுன்னா, அது எந்த ஊருக்கு ஓடுனாலும் வுடாது" என்று சொல்லிக் கொடுத்தார். அது டெலிவரி.

நீலக் கண் ஹஸ்கிதான் அக்காவின் செல்லம். எங்கள் ஊர் வெயிலில் பனிநாயை வளர்க்கிறவனை என்ன சொல்வது என்று நீங்கள் கேட்பது சரிதான். கூலர் முன்னால் மல்லாந்து கிடக்கும். கூப்பிட்டால் கண்ணை மட்டும் திறந்து, 'வந்தால் எனக்கு என்ன' என்பது போல ஒரு பார்வை பார்க்கும். ஆனால் அது திறக்காத தாழ்ப்பாள் கிடையாது. உட்கார்ந்து பார்க்கும், மூக்கால் ஒரு தட்டு, பல்லால் ஓர் இழுப்பு, முடிந்தது. அக்கா அதற்காகவே கடையில் புதுப்புதுத் தாழ்ப்பாளாக வாங்கி வந்து மாட்டுவார். "பாருங்க தம்பி, யோசிக்கறான் பாருங்க" என்று பேத்தி பரத நாட்டியம் ஆடுவதைக் காட்டுவது போலக் காட்டுவார். அதற்குப் பெயர் ஃபிட்டர்.

அந்தப் பெயரைக் கேட்டால் அக்காவின் வீட்டுக்காரர் சிரிப்பார். அவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன், ஒரு காலத்தில் நிட்டிங் ஃபிட்டர். மெஷின் சத்தத்தை வைத்தே எந்த ஊசி உடைந்தது என்று சொல்லக்கூடியவர். கூலிக்கு வேலை பார்த்து, மெஷின் வாங்கி, முதலாளி ஆனவர். நான் போகத் தொடங்கிய காலத்தில் அண்ணனுக்கு மறதி வந்துவிட்டிருந்தது. சாதாரண மறதி இல்லை. முதலாளி ஆனது, பிள்ளைகள் படித்தது, கல்யாணம் செய்து கொடுத்தது என்று பின்னாலிருந்து ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டே வந்தது. போர்ட்டிகோவில் சேர் போட்டு உட்கார்ந்திருப்பார். வருகிறவர்களைப் பார்த்து அழகாகக் கும்பிடுவார்.

காலையில் அவர் முன்னால் உட்கார்ந்து அக்கா கேட்பார்: "ஏனுங்க, நான் யாருன்னு சொல்லுங்க பாக்கலாம்."

சில நாள் பெயர் வரும். சில நாள் "எங்க அம்மாளுங்களா?" என்பார். ஒரு நாள் நான் இருக்கும்போதே, "ஆபீஸ்ல இருந்து வந்திருக்கீங்களா? உக்காருங்க" என்றார். அக்கா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துக்கொண்டு, என்னிடம் திரும்பி, "காத்தால ஸ்டார்ட் ஆக லேட்டாகுமுங்க. எங்கியோ இருக்கும். தேடுனாக் கெடைக்கும்" என்றார். நாய்களைப் பற்றிச் சொல்லும் அதே குரல். அக்காவிடம் எனக்குப் பொறுக்காத ஒரே விஷயம் அதுதான். அந்தக் கேள்வி வரும்போதெல்லாம் அண்ணனின் கை, பதில் தெரியாத பிள்ளையின் கை போல, லுங்கி நுனியைத் தேடும்.

கடைசியாக வந்தது ஒரு லேப்ரடார். வாஸ்துக்காரர் ஒருவர் வீட்டில் நாய் இருக்கும் மூலை சரியில்லை என்று சொன்னதால், மூலையை மாற்றாமல் நாயை மாற்றிவிட்டார்கள். வெண்ணெய் நிறம், அரிசி மூட்டை உடம்பு. அக்கா எல்லாப் பரீட்சையும் வைத்துப் பார்த்தார். கிண்ணங்களைக் கவிழ்த்து ஒன்றுக்கடியில் பிஸ்கட் வைத்தார். அது கிண்ணத்தைப் பார்க்கவில்லை, அக்காவின் முகத்தையே பார்த்து வாலாட்டியது. பிஸ்கட்டைத் துணி போட்டு மூடினார். துணிமேல் படுத்துத் தூங்கியது. பந்தை எறிந்தார். பந்து போன திசையை அக்கறையாகப் பார்த்துவிட்டு, 'போய்விட்டதே' என்பது போல அக்காவின் காலில் சாய்ந்தது.

"இவனுக்கு எங்கீங்க்கா?" என்றேன்.

"இன்னும் தெரியலீங்க. இருக்கும்."

டிபார்ட்மெண்ட் கிடைக்காததால் அதற்கு டிரெய்னிங் என்றே பெயர் நின்றுவிட்டது. அதன் ஒரே வேலை, அண்ணனின் சேருக்குக் கீழே கிடப்பது.

"சரி, எனக்கு எங்கீங்க்கா?" என்றும் ஒரு நாள் கேட்டேன்.

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "உங்களுக்கும் தேடிட்டுத்தானுங்க இருக்கறேன்."

இனி அந்த மஞ்சள் சட்டைக் கதை. நான் தைத்துக் கொடுத்த ஒரு லாட் முழுவதும் திரும்பி வந்தது. கேட்டது கடுகு மஞ்சள், வந்தது மாம்பழ மஞ்சளாம். சாயம் போட்டது நானில்லை, ஆனால் பெட்டி பெட்டியாக என் வாசலில்தான் இறக்கினார்கள். ஏற்றுமதியில் தள்ளிய துணி விற்கிற காதர்பேட்டையில் கொண்டுபோய்க் காட்டினேன். ஒரு பாய் துணியைத் தடவிப் பார்த்து, "துணி பிரமாதம்ணே. கலரப் பாத்தாத்தான் எனக்கே காமாலை வந்துரும் போல இருக்கு" என்று சிரித்தார். கொஞ்சம்தான் எடுத்துக்கொண்டார். மீதியைத் தெருவுக்கே கொடுத்துவிட்டேன். டெய்லர்கள், கட்டிங் மாஸ்டர், மளிகைக் கடைக்காரர், பீகாரிலிருந்து வந்த பையன்கள், அண்ணன், நான் எல்லாருக்கும் அந்த வருஷம் அதே சட்டை. பார்ப்பதற்கு எங்கள் சந்து ஏதோ ஒரு கட்சியின் மாநாடு மாதிரி இருந்தது.

அப்படி ஒரு வெயில் நாளில் மதியச் சோற்றுக்கு உட்கார்ந்திருந்தேன். மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து அக்காவின் குரல்.

"தம்பி. அவரக் காணமுங்க."

அக்கா சாயம் போடுகிற டையிங்காரருடன் போனில் பேசிக்கொண்டு ஷெட்டுக்குள் போயிருக்கிறார். திரும்பி வரும்போது சேர் காலி. கேட் திறந்து கிடக்கிறது. கேட்டில் அந்த வாரம்தான் புதுத் தாழ்ப்பாள் மாட்டியிருந்தார். ஃபிட்டர் கேட்டுக்கு வெளியே என் பைக் நிழலில், வேலை முடித்த திருப்தியோடு படுத்திருந்தது.

அக்கா தாழ்ப்பாளைப் பார்த்தார். ஹஸ்கியைப் பார்த்தார். "நாந்தான் மாட்டுனேன்" என்றார். சந்து முடிகிற இடத்தில் தாராபுரம் ரோடு. கண்டெய்னர் லாரிகளும் பஸ்களும் யாருக்காகவும் வேகம் குறைக்காத ரோடு. இருவர் மனதிலும் அதுதான் ஓடியது.

எனக்குப் பதற்றம் வந்தால் மூளை நின்று கால் ஓடும். ரோட்டுக்கு எதிர்த்திசையில் கொஞ்ச தூரம் ஓடிவிட்டுத்தான் திசை தப்பு என்று தெரிந்தது. ஓடிக்கொண்டே தெரு வாட்ஸ்அப் குழுவில் குரல் செய்தி போட்டேன்: "அண்ணனக் காணம். மஞ்ச டி-சர்ட்டு. எங்க பாத்தாலும் சொல்லுங்க." போட்ட நொடியிலிருந்து படங்கள் வந்து விழுந்தன. டீக்கடையில் ஒரு மஞ்சள் சட்டை. பெட்ரோல் பங்கில் ஒன்று. கோயில் மரத்தடியில் தூங்கும் ஒன்று. ஊரையே மஞ்சளாக்கிவிட்டு மஞ்சள் சட்டையைத் தேடச் சொன்ன முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். ஒருவர் பின்னாலிருந்து எடுத்த படம் அனுப்பி, "இவருங்களா பாருங்க, ஒரு நெதானமே இல்லாம ஓடிட்டிருக்காரு" என்று எழுதியிருந்தார். பெரிதாக்கிப் பார்த்தேன். அது நான்.

திரும்பி ஓடி வந்தேன். அக்கா செக்கிங்கைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு நின்றார். "அவரு போட்ட துணி எதாச்சும் ஒண்ணு எடுத்தாங்க தம்பி." கொடியில் அண்ணனின் இன்னொரு மஞ்சள் சட்டை தொங்கியது. உருவிக்கொண்டு வந்தேன். வருகிற வழியில் கண்ணில் வியர்வை இறங்கியது. முகத்தைத் துடைத்தேன், கழுத்தைத் துடைத்தேன். பிறகு நாயின் மூக்கில் வைத்தேன். செக்கிங் நன்றாக இழுத்து மோப்பம் பிடித்தான். ஒரு வட்டம் போட்டான். நேராக வந்து என் காலடியில் உட்கார்ந்து, தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். கண்டுபிடித்துவிட்டான்.

"நாய் மேல தப்பில்லீங்க" என்றார் அக்கா. அந்த நேரத்திலும்.

டெலிவரியை அவிழ்த்துவிட்டார். சந்துமுனையில் மஞ்சள் தெரிந்ததும் அம்பு போலப் போனான். டீ குடித்துக்கொண்டிருந்த கட்டிங் மாஸ்டரைச் சுற்றி நின்றான். அங்கிருந்து அடுத்த மஞ்சள், அதற்கடுத்த மஞ்சள். தெருவில் இருந்த எல்லாச் சட்டையையும் பிசகில்லாமல் டெலிவரி செய்தான். மேனேஜரைக் கூப்பிட்டோம். கேட் திறந்து கிடக்கும்போது அவன் எப்படி வருவான்? முதலாளியை மறிக்காமல் விட்டவன், குறுக்கே நின்று, உள்ளே வந்த எங்களை வெளியே விடாமல் காவல் காத்தான்.

அக்கா போர்ட்டிகோ படியில் உட்கார்ந்துவிட்டார். அவர் அப்படி ஓய்ந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. "இத்தன அறிவ ஊட்டுக்குள்ள சேத்தி வெச்சிருந்தனே தம்பி" என்றார். முந்தானைப் பஞ்சை ஒவ்வொன்றாகக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். நான் கண்ணில் பட்ட எண்ணுக்கெல்லாம் போன் போட்டேன். நூல் கடை, ஆம்புலன்ஸ், என் மச்சினன், கேஸ் ஏஜென்சி. கேஸ் ஏஜென்சிக்கு ஏன் போட்டேன் என்று இன்றுவரை தெரியாது. அந்தப் பெண் "புக்கிங்களா சார்?" என்று கேட்டதற்கு, "ஆளக் காணமுங்க" என்றேன்.

அப்போது எனக்கே ஒரு போன் வந்தது. ரோட்டில் பஸ் ஸ்டாப்பை ஒட்டிய பேக்கரிக்காரர், குழுவில் என் கத்தலைக் கேட்டவர்.

"அண்ணா, உங்க மஞ்ச சட்ட ஒண்ணு இங்க இருக்குதுங்க. ஆனா ஆளு போட்டிருக்கலீங்க."

"அப்பறம்?"

"நாயி போட்டிருக்குதுங்க."

அக்கா நிமிர்ந்தார். சேருக்கடியைப் பார்த்தார். நானும் பார்த்தேன். இவ்வளவு நேரம் யாருமே அதைத் தேடவில்லை. டிரெய்னிங்கையும் காணோம்.

என் பழைய மாருதி வேனில் போனோம். பஸ் ஸ்டாப் சிமெண்டு பெஞ்சில் அண்ணன் வெறும் பனியனும் லுங்கியுமாக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் காலின் மேல் முழு எடையையும் போட்டுக்கொண்டு லேப்ரடார் படுத்திருந்தது, மஞ்சள் டி-சர்ட் மாட்டி, கையில் முன்னங்கால் நுழைத்து, ஒழுங்காக. வெயில் என்று தன் சட்டையைக் கழற்றி அதற்குப் போட்டுவிட்டிருக்கிறார்.

பேக்கரிக்காரர் சொன்னார்: "வந்து ரொம்ப நேரமாச்சுங்க. இவரு எந்திரிச்சா அதுவும் எந்திரிக்குது. உக்காந்தா இப்படிக் காலு மேல படுத்துக்குது, அப்பறம் இவரு எங்க எந்திரிக்கறது? பசிக்குமேன்னு ரெண்டு பேருக்கும் பன்னு குடுத்தனுங்க. ரெண்டையும் அதுவே தின்னுபோட்டுது."

அது தேடவில்லை. அதற்குத் தேட வேண்டிய தேவையே வரவில்லை. கேட் திறந்தது, அண்ணன் எழுந்தார், அதுவும் எழுந்தது. அவ்வளவுதான் நடந்திருக்கும்.

அக்கா பெஞ்சின் முன்னால் போய் நின்றார். "ஏனுங்க, நான் யாரு..." என்று அவர் உதடு தொடங்குவதைப் பார்த்தேன். அண்ணனின் கை லுங்கி நுனிக்குப் போனது. அக்கா காலடியில் கிடந்த நாயைப் பார்த்தார். அது அக்காவைப் பார்த்து ஒரு முறை வாலைத் தரையில் தட்டியது, எழுந்திருக்கவில்லை. அக்கா வாயை மூடிக்கொண்டார்.

அண்ணன்தான் பேசினார். "கம்பெனி வேன் இன்னும் வரலீங்க. நீங்களும் இந்த ஷிப்டுங்களா?"

அக்கா கண்ணாடியைக் கழற்றவில்லை. நாய்க்கு இந்தப் பக்கம் இருந்த இடத்தில் உட்கார்ந்தார்.

"ஆமாங்க. நானும் இந்த ஷிப்டுதானுங்க."

அண்ணன் நகர்ந்து கொஞ்சம் கூடுதலாக இடம் விட்டார். மூவரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் வேறு வழி தெரியாமல் வேனில் ஏறி, கொஞ்ச தூரம் போய்த் திருப்பிக்கொண்டு வந்து, அவர்கள் முன்னால் நிறுத்தி ஹாரன் அடித்தேன்.

"வேன் வந்துருச்சுங்க" என்றார் அக்கா.

"லேட்டா வர்றதே இவனுக்குப் பொழப்பு" என்று என்னைத் திட்டிக்கொண்டே அண்ணன் ஏறினார். பின்னால் மஞ்சள் சட்டையோடு லேப்ரடாரும் ஏறி, இருவர் நடுவில் உட்கார்ந்தது. அண்ணன் அதன் காலரைச் சரிசெய்து, தையலை விரலால் இழுத்துப் பார்த்தார்.

"இவன் புதுசுங்களா? டிரெய்னிங்கா?"

கண்ணாடியில் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். நாயின் தலையில் கை வைத்திருந்தார்.

"இல்லீங்க. பர்மனெண்டு."

வீட்டில் இறங்கியதும் காபி வந்தது. "உங்களுக்கு எங்கன்னு கண்டுபுடிச்சுட்டனுங்க தம்பி" என்றார் அக்கா. "நீங்க சைரனுங்க. சைரன் ஊசி மாத்தாது, நூல் கோக்காது. ஆனா அது கத்துனாத்தான் ஊரே திரும்பிப் பாக்கும்." பாராட்டா என்று யோசித்துக்கொண்டே குடித்தேன். அன்று சர்க்கரை கூடுதலாகவே இருந்தது.

அதன் பிறகு அக்கா அந்தக் காலைக் கேள்வியைக் கேட்டு நான் பார்க்கவில்லை. கேட்டில் பூட்டு வந்தது. ஃபிட்டர் அதைப் பார்த்து யோசித்துக்கொண்டே இருந்தது. சாயங்காலம் அண்ணனுக்குக் கால் பரபரத்தால் அக்கா பூட்டைத் திறப்பார். அண்ணன், நடுவில் நாய், அக்கா என்று பஸ் ஸ்டாப்பில் போய் உட்காருவார்கள். வேலை முடிந்து நான் வேனை எடுத்துக்கொண்டு போவேன், திட்டு வாங்கிக்கொண்டு கூட்டி வருவேன்.

பிறகு கம்பெனியை மகனிடம் விட்டுவிட்டு, நாய்களையும் அண்ணனையும் கூட்டிக்கொண்டு குன்னத்தூர்ப் பக்கம் அவர்கள் தோட்டத்துக்கே அக்கா போய்விட்டார். அங்கே மேனேஜருக்கு மேய்க்க நிஜ ஆடுகளே இருக்கின்றனவாம். எப்போதாவது போன் வரும். "சைரன் தம்பிங்களா?" என்று தொடங்குவார். போன தடவை பேசும்போது, அண்ணன் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"பேரெல்லாம் போயிருச்சுங்க தம்பி. என்னோடதும் போயிருச்சு, அவரோடதும் போயிருச்சு" என்றார். பின்னால் அண்ணன் யாரையோ கூப்பிடுவது கேட்டது. நாயின் வால் எதன் மீதோ தொப் தொப்பென்று அடிக்கும் சத்தமும்.

"வெச்சுடறனுங்க. ஷிப்டுக்கு நேரமாயிருச்சு."